காளான் படுக்கையில் கோளாறா? எத்தனையாவது நாள் என்று முதலில் பாருங்கள்

வீட்டில் சிப்பிக் காளான் போட்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பையில பச்சையா ஏதோ பிடிச்சிருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. படுக்கை போட்டு எத்தனை நாள் ஆகிறது? காளானில் கோளாறு கண்ணில் படும் நாள் ஒன்று, உள்ளே நுழைந்த நாள் இன்னொன்று. பத்தாம் நாள் தெரிகிற பூசணத்துக்கு முக்கால்வாசி நேரம் வைக்கோலை வேகவைத்து உலர்த்திய அன்றே வழி திறந்துவிட்டிருக்கும். அந்தப் பத்தாம் நாளில் எதைத் தெளித்தாலும் அந்தப் பை திரும்பாது. அடுத்த பையைத்தான் காப்பாற்ற முடியும். அதனால் அறிகுறிகளை அவை தலைகாட்டும் நாள் வரிசையிலேயே சொல்கிறேன்.

கோளாறு எது என்று சொல்ல, கோளாறில்லாத படுக்கை எப்படிப் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, 80 டிகிரிக்கு மேல் சூடான நீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, வடித்து, ஆறவைக்கிறோம். 60 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலமுள்ள பாலிதீன் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் வித்து (காளான் இழை படர்ந்த, வேகவைத்த சோளத் தானியம்) ஒரு கை என்று மாற்றி மாற்றிப் போட்டு உருளையாகக் கட்டுகிறோம். ஒரு புட்டி வித்து பொதுவாக இரண்டு படுக்கைக்கு வரும். பையின் நடுவில் எதிரெதிராக இரண்டு துளை. இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு தானியத்தைச் சுற்றியும் வெள்ளைப் பஞ்சு கிளம்பும். 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெளுக்கும். பையைக் கிழித்தபின் மூன்று நான்கு நாளில் மொட்டு, அதற்கு மூன்று நாள் கழித்து அறுவடை. மொத்தம் 45 நாளுக்குள் மூன்று அறுவடை எடுத்துவிடலாம்.

ஒரு வாரம் ஆகியும் வெள்ளையே கிளம்பவில்லை

வித்துத் தானியம் போட்டது போலவே சோளநிறத்தில் கிடக்கிறதா? மூன்று காரணங்கள் உண்டு. வித்து செத்தது, வைக்கோல் சூடாக இருந்தபோது போட்டது, வைக்கோல் காய்ந்துபோனது.

வித்தைப் புட்டியிலேயே பார்த்திருக்க வேண்டும். நல்ல வித்து அடிவரை ஒரே வெள்ளையாக இருக்கும், தட்டினால் உதிரும், கிட்டத்தில் முகர்ந்தால் மழை நனைத்த மண்ணின் வாசனை வரும். அடியில் மஞ்சள் நீர் தேங்கியிருந்தால் வயதாகிவிட்டது. புளித்த வாடையோ பச்சை, கறுப்புப் புள்ளியோ இருந்தால் வாங்கவே வேண்டாம். தயாரித்து 15 முதல் 18 நாளான வித்து சிறந்தது. "ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம், ஒன்றும் ஆகாது" என்று விற்பவர் சொன்னால் சிப்பிக்கு அது ஓரளவு சரி. பால் காளான், வைக்கோல் காளான் என்கிற வேறு வகைகளின் வித்துகளுக்குக் குளிர் ஆகாது.

வைக்கோல் ஆறிவிட்டதா என்று மேலே தொட்டுப் பார்த்தால் தெரியாது. குவியலின் நடுவில் கையை விட வேண்டும். அங்கே வெதுவெதுப்பு இருந்தாலும் காத்திருங்கள். அவசரப்பட்டு அள்ளிப்போட்ட படுக்கையில் ஓரங்களில் மட்டும் வெள்ளை பிடித்து நடு அப்படியே கிடப்பது இதனால்தான்.

இது எதுவும் இல்லையென்றால், பைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இழை பரவும்போது படுக்கை தானாகவே சூடாகும். அறையில் 30 இருந்தால் பையின் உள்ளே அதைவிடக் கூடுதலாக இருக்கும். 35-ஐத் தாண்டினால் சிப்பி இழை சோர்ந்துவிடும். பைக்குப் பை ஒரு சாண் இடைவெளி விடுங்கள், மாடியறையானால் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள்.

பச்சைப் பூசணம்

எல்லாரையும் அழவைப்பது இதுதான், ட்ரைக்கோடெர்மா. முதலில் இதுவும் வெள்ளையாகத்தான் வரும், அதுதான் வம்பு. சிப்பி இழை பரவும்போது உற்றுப் பாருங்கள்: வேர் ஓடுவது போல, நூல் நூலாக, வைக்கோல் தாளைப் பிடித்துக்கொண்டு முன்னேறும். ட்ரைக்கோடெர்மா அப்படிப் போகாது. ஒரு இடத்தில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டியது போலத் திட்டாக உட்காரும். இரண்டு மூன்று நாளில் நடுவிலிருந்து பச்சையாகும், ஓரம் மட்டும் வெள்ளையாக நிற்கும். சந்தேகமாக இருந்தால், பை கிழித்த பிறகு ஈரப்பஞ்சால் அந்த இடத்தை லேசாக ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் பச்சை ஒட்டினால் பூசணம். ஒட்டவில்லை, நீலமாகத் தெரிகிறது என்றால் அது சிப்பி இழை நசுங்கியதால் வந்த கன்றலாக இருக்கலாம்.

எங்கே பிடித்திருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தானியத்தைச் சுற்றி மட்டும் என்றால் வித்தில் இருந்தே வந்திருக்கிறது. துளையைச் சுற்றி என்றால் காற்றிலோ கையிலோ வந்தது. பையின் அடியில் என்றால் வைக்கோல் ஈரம் அதிகம். பை முழுக்கத் திட்டுத் திட்டாக என்றால் வைக்கோல் வேகவில்லை. வைக்கோல் மிதக்கும் பொருள், அண்டாவில் மேலே நிற்பது வேகாது. மேலே ஒரு தட்டு வைத்துக் கல் ஏற்றித்தான் வேகவைக்க வேண்டும். நிறைய பேர் விடும் இடம் இது.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புத்தகத்தில் 65 சதவீதம் என்று இருக்கும். அளக்க வீட்டில் கருவி கிடையாது, கைதான் கருவி. ஆறிய வைக்கோலில் ஒரு பிடி எடுத்து, இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. கையை விரித்தால் உள்ளங்கை மினுமினுவென்று ஈரமாக இருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் அரை மணி நேரம் நிழலில் பரப்புங்கள். உள்ளங்கையில் ஈரமே ஒட்டாமல் வைக்கோல் சரசரவென்றால் காய்ந்துவிட்டது, வெந்நீர் தெளித்துப் புரட்டிவிட்டு மறுபடி பிழிந்து பாருங்கள். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் எடுத்துப் பார்ப்பது நல்லது. குவியலின் அடி எப்போதும் மேற்பகுதியைவிட ஈரமாக இருக்கும். அதைக் கடைசியில் அள்ளிப் பைகளில் போடுவதால், ஒரே நாளில் போட்ட பத்துப் பையில் கடைசி இரண்டு மட்டும் கெட்டுப்போவது உண்டு. கேட்டால் "வித்து சரியில்லை" என்பார்கள்.

மாடித்தோட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செடிக்கு வேரழுகல் வராமல் இருக்க உரக்கடையில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்று பொட்டலத்தில் வாங்கித் தொழு உரத்தில் கலக்கிறோமே, அதுவும் இதே இனம்தான். மற்றப் பூசணங்களைத் தின்று அழிப்பதற்காகவே விற்கிறார்கள். காளானும் ஒரு பூசணம். செடிக்கு அதைப் போட்ட கையோடு, அதே சட்டையோடு படுக்கை போட உட்காராதீர்கள். அந்தப் பொட்டலம் காளான் அறைப் பக்கமே வர வேண்டாம்.

சரி, வந்துவிட்டது, என்ன செய்வது? ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள் ஒரே திட்டு என்றால் பையை வெளியே எடுத்துப்போய், அந்த இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் கூட்டி வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தில் கெட்டியான சுண்ணாம்புக் குழம்பு பூசலாம். அது தாமதப்படுத்தும், தீர்க்காது. ஆனாலும் முதல் அறுவடை கிடைத்துவிட வாய்ப்பு உண்டு. கால்வாசிப் பைக்கு மேல் பச்சை என்றால் பிரிக்காமல் அப்படியே வெளியேற்றுங்கள். அறைக்குள் பிரித்துப் பார்த்தால் பூசணத்தின் கோடிக்கணக்கான வித்துத்துகள்கள் காற்றில் ஏறி, அடுத்த பத்துப் பைக்கும் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

வைக்கோலைக் கார்பன்டாசிம், ஃபார்மலின் கலந்த நீரில் 16 முதல் 18 மணி நேரம் ஊறவைக்கும் முறையும் உண்டு. பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு அது எரிபொருள் மிச்சம். குழந்தைகள் இருக்கிற வீட்டில், சமையலறைக்கு அடுத்த சுவரில், கண்ணைக் கரிக்கும் ஃபார்மலினை வைத்துக்கொண்டு நான் செய்யச் சொல்லமாட்டேன். நாலு பைக்கு அண்டா வெந்நீர் போதும்.

ஆரஞ்சுப் பொடி, கறுப்புப் பொடி

பை கட்டிய வாயிலும் துளையிலும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் மாவு போல வந்தால் நியூரோஸ்போரா. பச்சையைவிட வேகமானது, நாலைந்து நாளில் தெரிந்துவிடும். ஊதினால் பறக்கும். மின்விசிறியை அணைத்துவிட்டு, நனைத்த துணியை மேலே போட்டு மூடி, அப்படியே பையோடு வெளியே கொண்டுபோங்கள். இதில் வெட்டி எடுப்பது, சுண்ணாம்பு பூசுவது எதுவும் வேண்டாம். பிறகு அறைச் சுவர், தரை, கயிறு எல்லாவற்றையும் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடையுங்கள்.

கறுப்புப் பொடி, மஞ்சள் கலந்த பச்சைப் பொடி எல்லாம் ஆஸ்பெர்ஜில்லஸ் வகையறா. மூச்சுக்கு நல்லதல்ல. முகக்கவசம் போட்டுக்கொண்டு அப்புறப்படுத்துங்கள்.

பையின் உள்சுவரில் மஞ்சள் நிறச் சொட்டுகள் மட்டும் தெரிகிறது, நாற்றமும் இல்லை என்றால் பதற வேண்டாம். இழை சூட்டில் தவித்தாலோ வேறு பூசணத்தோடு மல்லுக்கட்டினாலோ விடும் நீர் அது. அறையைக் குளிர்வித்துவிட்டுக் கவனித்து வாருங்கள்.

அழுகல் நாற்றம், பையின் அடியில் பழுப்பு நீர்

பாக்டீரியா. ஈரம் அதிகமானதால் காற்று போக வழியில்லாமல் வைக்கோல் அழுகுகிறது. அடியில் கொஞ்சம் நீர் நிற்கிறது, மேலே வெள்ளை நன்றாகப் போகிறது என்றால், சுட்ட ஊசியால் அடியில் ஏழெட்டுத் துளை போட்டு வடியவிடுங்கள், பை பிழைத்துக்கொள்ளும். சாக்கடை வாடை அடித்து, வைக்கோல் கையில் கொழகொழவென்று வந்தால் எருக்குழிதான்.

இதில் வைக்கோலின் வயதும் சேரும். மழையில் நனைந்து, போரில் கிடந்து கறுத்த வைக்கோலை எவ்வளவு வேகவைத்தாலும் பயனில்லை. அந்த வருஷத்து அறுப்பில் வந்த, பொன்னிறம் மாறாத வைக்கோல்தான் காளானுக்கு.

பத்து நாளுக்குள் பையிலிருந்து குடை வருகிறது

சந்தோஷப்படாதீர்கள். சிப்பி அவ்வளவு சீக்கிரம் வராது. மெலிந்த நீளத் தண்டு, சாம்பல் நிறத்தில் சின்ன மணி போன்ற தொப்பி, காலையில் நிமிர்ந்து நின்று மாலைக்குள் கறுப்பு மையாக உருகி வழிந்தால் அது மைக்காளான், காப்ரினஸ். சரியாக வேகாத வைக்கோலிலும், எருவோ யூரியாவோ பட்ட வைக்கோலிலும் வரும். மாட்டுத்தொழுவத்தை ஒட்டி வைத்திருந்த வைக்கோல் என்றால் காரணம் தேட வேண்டியதே இல்லை. தொப்பி கறுப்பதற்குள் வேரோடு பிடுங்கி எறியுங்கள். சிப்பி இழை வலுவாக இருந்தால் பிறகு இதை அமுக்கிவிடும், பையைத் தூக்கிப்போட வேண்டாம். வந்ததைச் சமைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

முழுக்க வெளுத்தாயிற்று, மொட்டு வரவில்லை

இருபது நாள், இருபத்தைந்து நாள் ஆகியும் வெள்ளைத் தலையணையாகத் தொங்குகிறதா? இழை வளர்வதற்கு வேண்டியது வேறு, காளான் பிறப்பதற்கு வேண்டியது வேறு. இருட்டும் வெதுவெதுப்பும் முதல் கட்டத்துக்கு. இரண்டாம் கட்டத்துக்கு வெளிச்சம், புதுக் காற்று, ஈரம், கொஞ்சம் குளிர்ச்சி நாலும் வேண்டும். வெளிச்சம் என்றால் வெயில் இல்லை. அறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க முடிந்தால் போதும். அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கடியிலும் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஈரத்துக்கு 80 முதல் 85 சதவீதம் என்பது கணக்கு. கடையில் சின்ன ஈரப்பதமானி கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். தரையில் இரண்டு அங்குலம் ஆற்றுமணல் பரப்பி நனைப்பது, சுற்றிலும் சணல் சாக்கு கட்டி நனைப்பது இரண்டும் இன்றைக்கும் செலவில்லாத வழி. ஏர் கூலர் வைத்தால் காற்று நேராகப் படுக்கையில் அடிக்காதபடி திருப்புங்கள்.

நாலும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மாதத்தைப் பாருங்கள். வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை மாதத்தில் வெள்ளைச் சிப்பியான ஃப்ளோரிடாவைப் போட்டுவிட்டு மொட்டு வரவில்லை என்றால் காளான் மேல் குற்றமில்லை. அதற்கு 25 டிகிரி சுற்றுவட்டாரம் வேண்டும். சமவெளியில் ஐப்பசி முதல் மாசி வரை அதற்கு நல்ல காலம். வெயில் காலத்துக்குப் பால் காளானுக்கு மாறிவிடுங்கள். கடையில் விற்கும் பட்டன் காளான் எனும் மொட்டுக் காளான் இன்னும் குளிர் கேட்கும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இல்லாதவர்கள் ஏ.சி. கட்டணத்தை நினைத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

தண்டு நீளுகிறது, தொப்பி விரியவில்லை

புனல் போல, பவளக் கொடி போலக் கிளைத்து வந்தால் காற்றோட்டம் இல்லை. காளானும் நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடும். மூடிய அறையில் அது சேர்ந்ததும், தண்டு காற்றைத் தேடி நீளும். ஜன்னலைக் காலை மாலை அரை மணி நேரம் திறந்தால், அடுத்து வருகிற கொத்தில் தொப்பி விரியும். வந்துவிட்ட கொத்து இனி விரியாது. பறித்துச் சமையுங்கள், ருசியில் குறைவில்லை, தண்டு மட்டும் கொஞ்சம் நார்.

ஜன்னலைத் திறந்தால் ஈரம் போகும், மூடினால் காற்று போகும். இந்த இழுபறிதான் வீட்டுக்காளானில் தினசரி வேலை. எனக்குத் தெரிந்து ஜன்னலுக்கு ஈரச்சாக்குத் திரை கட்டுவதைவிட எளிய தீர்வு இல்லை.

மொட்டு மஞ்சளாகிக் காய்கிறது, தொப்பியில் பழுப்புக் கறை

குண்டூசித் தலை அளவில் வந்த மொட்டுகள் அப்படியே மஞ்சளாகிச் சுருங்கினால், உலர்ந்த காற்று பட்டிருக்கிறது, அல்லது தண்ணீரை நேராக அதன் தலையில் அடித்திருக்கிறீர்கள். நேர்மாறான இரண்டு காரணங்கள், ஒரே அறிகுறி. வித்தியாசம் கண்டுபிடிக்க மொட்டைத் தொடுங்கள். மொறுமொறுவென்று காகிதம் போல இருந்தால் காய்ந்தது. மெத்தென்று நசுங்கி விரலில் பிசுபிசுத்தால் தண்ணீரில் செத்தது. தெளிப்பான் முனையைப் புகை போல வருமாறு திருகி, சுவருக்கும் சாக்குக்கும் தெளியுங்கள். மொட்டுக்கு அந்த ஈரம் போதும்.

ஒரு கொத்தில் ஐம்பது மொட்டு வந்து பத்து மட்டும் பெரிதாவது நோயல்ல. படுக்கையில் இருக்கிற சத்துக்கு அவ்வளவுதான்.

தொப்பி மேல் பழுப்புக் கறையும் பிசுபிசுப்பும் வந்தால் அது சூடோமோனாஸ் பாக்டீரியா. தெளித்த தண்ணீர் தொப்பியில் மணிக்கணக்கில் தேங்கி நின்றால் வரும். தெளித்த பிறகு அரை மணி நேரத்தில் தொப்பி உலரும்படி காற்று விட வேண்டும். இரவில் தெளிக்கவே வேண்டாம். கறைபட்டதைப் பறித்து அப்புறப்படுத்துங்கள்.

சின்னக் கறுப்பு ஈக்கள்

கொசுவைவிடச் சின்னதாகப் பையைச் சுற்றிக் குதித்துப் பறப்பவை சியாரிட், ஃபோரிட் ஈக்கள். ஈ தொந்தரவு இல்லை, அதன் புழுதான். தண்டை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடாகச் சுரங்கம் ஓடியிருந்தால் புழு நுழைந்துவிட்டது. கறுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழு என்றால் சியாரிட்.

வீட்டுக்குள் சாப்பிடுகிற பொருள் மேல் பூச்சிமருந்து அடிக்க முடியாது. தேவையும் இல்லை. ஜன்னலுக்குக் கொசுவலையைவிட நெருக்கமான நைலான் வலை, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி பைக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது, இரவில் ஒரு விளக்கின் கீழ் எண்ணெய்த் தட்டு, இவை மூன்றும் போதும். பெரும்பாலும் ஈயை வரவழைப்பது நாமேதான். அறுவடையில் கத்தியால் அறுத்துவிட்டு விட்டுப்போகும் அடித்தண்டு அழுகி அந்த வாடைக்கு ஈ வருகிறது. கொத்தின் அடியைப் பிடித்துத் திருகி, மிச்சம் வைக்காமல் எடுங்கள்.

அப்புறம், எலி. பை அடியில் கிழிந்து வைக்கோல் சிதறிக் கிடந்தால் பூச்சியைத் தேடாதீர்கள். வித்து என்பது வேகவைத்த சோளம், எலிக்கு அது விருந்து. முதல் வாரத்தில்தான் வரும். வெளுத்தபின் அவ்வளவாகச் சீண்டாது. தரையில் வைக்காமல் உறிகட்டித் தொங்கவிடுவது இதற்கும் சேர்த்துத்தான்.

முதல் அறுவடையோடு நின்றுவிட்டது

பறித்த பிறகு படுக்கையின் மேற்பரப்பு காய்ந்து தோல் போலாகிவிடும். அதை ஒரு செ.மீ. அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு வேளை தெளித்து வாருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த மொட்டு வரும். பை தூக்கினால் இறகாக லேசாக இருந்தால், ஒரு மணி நேரம் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்துத் தொங்கவிடலாம். மூன்றாவது அறுவடைக்கு மேல் இழுத்துப் பிடிப்பதில் லாபமில்லை. வலுவிழந்த படுக்கையில் பச்சைப் பூசணம் ஏறி, புதுப் பைகளுக்கும் பரவும்.

அறைக்குள் போனால் இருமல், மூக்கடைப்பு

தொப்பியின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, கீழே இருக்கும் பைமேல் வெள்ளை மாவு படிந்திருந்தால் அறுவடை தாமதமாகிவிட்டது. அந்த மாவு சிப்பிக் காளானின் வித்துத்துகள். சிலருக்கு ஒவ்வாமை, தொடர் இருமல், காய்ச்சல் வரை கொண்டுபோகும். ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறியுங்கள், ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் கழித்து உள்ளே போங்கள், முகக்கவசம் அணியுங்கள். ஆஸ்துமா இருக்கிறவர் வீட்டில் படுக்கையறையில் வைக்கவே வேண்டாம். இருமல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போகும்போது காளான் வளர்ப்பதைச் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

பால் காளானுக்கு மட்டும் வருபவை

1974-ல் மேற்கு வங்கத்தில் இனங்கண்டு விவரிக்கப்பட்ட காளான் இது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்ட பிறகு நம் ஊர் வெயிலுக்கென்றே ஆன காளானாகிவிட்டது. 30 முதல் 35 டிகிரியில் செழிக்கும். படுக்கை வெளுத்ததும் குறுக்கே வெட்டி, மேலே 2 செ.மீ. மேல்மண் இட வேண்டும் என்பது மட்டும் சிப்பியிலிருந்து வேறுபாடு. கோளாறும் பெரும்பாலும் அந்த மண்ணில்தான்.

மண் மேல் பச்சை ஏறினால் மண்ணை ஆவியில் வேகவைக்காமல் போட்டிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் ஆவி காட்டி, கால்சியம் கார்பனேட் கலந்து கார அமில அளவை (pH) எட்டுக்குச் சற்று மேலே கொண்டுவந்தபின் போட வேண்டும். தொழு உரம் கலந்த தோட்டமண் நிச்சயம் வேண்டாம். மண்ணுக்கு மேல் இழை ஏறி வெள்ளைப் போர்வை விரித்து, மொட்டே வரவில்லை என்றால் காற்று போதவில்லை. ஒரு முள்கரண்டியால் மண்ணின் மேற்பரப்பை லேசாகக் கிளறிவிட்டு, தண்ணீரைக் குறைத்து, காற்றைக் கூட்டுங்கள். மண் இறுகிப் பாளம் பாளமாக வெடித்தால் களி அதிகம், மணல் சேருங்கள். மார்கழியில் போட்டுவிட்டு மொட்டு வரவில்லை என்பவர்கள் பங்குனி வரை பொறுப்பது நல்லது.

தோட்டத்தில் போட்டவர்களுக்கு

தென்னை நிழலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் போடுகிற வைக்கோல் காளான் தோட்டத்துக்கு ஏற்றது. 1943-லேயே கோவையில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் கைக்கு வரும். முட்டை வடிவில் இருக்கும்போதே பறிக்க வேண்டும். நேற்று முட்டையாக இருந்தது இன்று காலை குடையாகி நிற்கிறது என்று புகார் சொல்பவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை போய்ப் பார்க்க வேண்டும். பறித்ததை ஃபிரிட்ஜில் வைத்து நீர்த்துவிட்டது என்றால் அதுவும் அதன் குணமே. குளிரில் கெடும், அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். படுக்கைக்குக் கீழே கறையானும் எறும்பும் ஏறினால் செங்கல் மேடை போட்டு, சுற்றிலும் நீர் ஓடை விடலாம். நத்தை கடித்த தொப்பியில் வளைந்த பள்ளமும் பளபளக்கும் கோடும் இருக்கும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே வழி.

தோட்டத்தில் இன்னொன்றும் நடக்கும். படுக்கைக்கு இரண்டடி தள்ளிப் புல்தரையில், பெரிதாக, வெள்ளையாக, அழகாகக் குடைகள் முளைக்கும். "வித்து சிதறி வந்திருக்கும்" என்று பறிக்கத் தோன்றும். வேண்டாம். மழைக்குப்பின் புல்லில் வருகிற குளோரோஃபில்லம் என்கிற காளான் இப்படித்தான் இருக்கும். தின்றால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் பேதியும் வரும். விரிந்த தொப்பியை வெள்ளைத்தாளில் கவிழ்த்து இரவு முழுக்க விட்டால் தாளில் பச்சைத் தூள் படியும். வைக்கோல் காளானானால் இளஞ்சிவப்பாகப் படியும். கொல்லும் வகையான அமனிட்டாக்களும் இளம் பருவத்தில் வெள்ளை முட்டையாகத்தான் இருக்கும், அந்தப் பருவத்தில் தூள் சோதனை செய்யவே முடியாது. வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, எறும்பு மொய்த்தால் நல்லது என்கிற பேச்சையெல்லாம் நம்பிச் சமைத்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். படுக்கையிலிருந்து வந்தது மட்டும் சமையலுக்கு, மண்ணிலிருந்து தானாக வந்தது எதுவும் இல்லை என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளிடம். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல், மிச்சக் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தீர்ந்த படுக்கைகளை மண்புழு உரத்தொட்டியில் போடலாம், செடிக்கு மூடாக்காகவும் இடலாம். பச்சை பிடித்துக் கழித்த பைகளின் வைக்கோலையும் போடலாம், செடிக்கு அந்தப் பச்சையால் தீங்கில்லை. ஒரே நிபந்தனை: காளான் அறையின் ஜன்னல் பக்கமாகவும் காற்று அடிக்கும் திசையிலும் அந்தக் குவியல் இருக்கக் கூடாது. அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடை மாற்றிய பிறகே புதுப் பைப் பக்கம் போக வேண்டும்.